துணைத்தலைவர் சவரம் செய்துகொண்டார்

மனிதன் குகையை விட்டு வெளியே வந்த நாளில் நாகரிகம் பிறக்கவில்லை. தன் முகத்தைத் தானே மழித்துக்கொண்ட நாளில்தான் பிறந்தது. நெருப்பு, சக்கரம், எழுத்து எல்லாம் அதற்குப் பின்னால் வந்த சில்லறைச் சங்கதிகள். கூரான எஃகும் நடுங்காத கையும் சந்திக்கும் இடத்தில்தான் மனிதன் மிருகத்திடமிருந்து விடைபெறுகிறான்.

இப்படிச் சொன்னவர் பழஞ்சவரக்கத்திப் பேணுநர் வட்டத்தின் துணைத்தலைவர். சொல்லிவிட்டுத் தாடியை ஒருமுறை நீவிவிட்டுக்கொண்டார். நெஞ்சுவரை இறங்கிய தாடி. சட்டையின் மேல் பொத்தான்களைப் போட்டிருக்கிறாரா இல்லையா என்பது அவருக்கும் அவர் மனைவிக்கும் மட்டுமே தெரிந்த விஷயம்.

வட்டத்தில் யாருக்கும் இது வினோதமாகப் படவில்லை. பட்டவர்களும் வாயைத் திறக்கவில்லை. அவரவர் வீட்டுக் குளியலறையில் தினமும் காலையில் வேலை செய்வது பிளாஸ்டிக் ரேசர்தான் என்பது அவரவருக்குத் தெரியும். பழைய சவரக்கத்தி என்பது சந்தையில் தேடிப் பிடிப்பதற்கு, துரு எடுப்பதற்கு, பளபளப்பாக்குவதற்கு, பிறகு வெல்வெட் துணியில் வைத்து அடுத்தவரிடம் நீட்டி, தொடாமல் பார்க்கச் சொல்வதற்கு. அதைக் கொண்டுபோய் முகத்தில் வைப்பது அருங்காட்சியகத்து நாற்காலியில் உட்கார்ந்து செருப்பு மாட்டுவது மாதிரி.

வட்டம் கூடுவது ஒரு சலவைக்கடையின் மாடியில். கீழே இஸ்திரிப்பெட்டி ஆவி விடும்போதெல்லாம் மேலே ஜன்னல் கண்ணாடி வியர்க்கும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேநீருக்கும் பிஸ்கட்டுக்கும் நடுவே, ஏழெட்டுப் பெரிய மனிதர்கள் மடக்குக் கத்திகளை மேசைமேல் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். விஷயம் தெரியாமல் யாராவது கதவைத் திறந்தால் காவல் நிலையத்துக்கு ஓடுவார்கள்.

அந்த மேசையின் நடுநாயகம் துணைத்தலைவரின் கத்தி. அதற்கு மகாராணி என்று பெயர் வைத்திருந்தார். பழைய சாமான் சந்தையில், துருப்பிடித்த சாவிகளும் கதவுக் கைப்பிடிகளும் கிடந்த ஒரு தகரப் பெட்டியோடு வாங்கியது. அலகில் பூவேலை, தந்த நிறத்தில் கைப்பிடி. வாங்கியபோது அடுப்புக்கரி மாதிரி இருந்த அலகை டிரில்லிங் மெஷினில் பாலிஷ் சக்கரம் மாட்டித் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி ஆக்கியிருந்தார். அதில் முகம் பார்க்கலாம். அவர் விஷயத்தில், தாடிக்கு மேலே உள்ள பகுதியைப் பார்க்கலாம்.

வட்டத்தின் தலைவர் தன் மகள் வீட்டோடு போய்விடப் போகிறார் என்று தெரிந்ததும், அடுத்த தலைவர் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை, பல் மருத்துவர் ஒருவரைத் தவிர. பல் மருத்துவர் முகம் வழவழவென்று இருக்கும். பேச்சும் அப்படித்தான். தனக்குப் பதவி ஆசை இல்லை என்று அவர் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

நாகரிகத்தைப் பற்றிய அந்த உரை முடிந்த அன்றுதான் வினை வந்தது. புதிதாகச் சேர்ந்திருந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் கை தூக்கினார். குசும்புக்காரர் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவர்.

"ஐயா, ஒரு சந்தேகம். நீங்க எந்தக் கத்தியில சவரம் பண்ணிக்கிறீங்க?"

தேநீர்க் கோப்பைகள் எல்லாம் ஒரே நேரத்தில் தட்டில் இறங்கின. பல் மருத்துவர் இருமினார். அந்த இருமல்தான் துணைத்தலைவரைக் குத்தியது. கேள்வி குத்தவில்லை.

அவர் எழுந்தார். வட்டத்தில் பேசும்போது அவர் வாயில் மேடைத் தமிழ்தான் வரும். அன்று அது இன்னும் ஒரு படி மேலே ஏறியது. "அன்பர் கேட்டது நியாயமான கேள்வி. இதற்குச் சொல்லால் பதில் கிடையாது. வருகிற ஆண்டுக் கூட்டத்தில், உங்கள் அனைவர் முன்னிலையிலும், என் முகத்தை, என் கையால், மகாராணியைக் கொண்டு மழிப்பேன். இயலாது போனால் தலைவர் பதவிக்கு என் பெயரை யாரும் முன்மொழிய வேண்டாம்."

எல்லோரும் கைதட்டினார்கள். பல் மருத்துவர்தான் அதிக நேரம் தட்டினார்.

உட்கார்ந்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது துணைத்தலைவருக்கு எட்டியது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். தாடிக்குத் துணைத்தலைவர் பல காரணங்கள் வைத்திருந்தார். ஆளுக்குத் தகுந்த மாதிரி எடுத்து விடுவார். தத்துவவாதிகளின் அடையாளம் என்பார், தொண்டைக்கு இதமானது என்பார், தண்ணீர் வாரியத்தில் உதவிக் கண்காணிப்பாளராக இருப்பவருக்கு ஒரு கம்பீரம் வேண்டாமா என்பார். உண்மைக் காரணம் வேறு. அவருக்குத் தாடை கிடையாது. அதாவது, சாப்பிட, பேச வேண்டிய அளவுக்கு இருந்தது, பார்ப்பதற்கு இல்லை. கீழுதட்டைத் தாண்டியதும் முகம் எங்கும் நிற்காமல் நேரே கழுத்துக்கு இறங்கிவிடும். பள்ளிக்கூடத்தில் அவருக்கு ஆமை என்று பெயர். முதல் முடி முளைத்த அன்றைக்கே அதற்கு அடைக்கலம் கொடுத்தவர், அப்புறம் அதன்மேல் கத்தி பட விட்டதில்லை. பெண் பார்க்கப் போனதும் தாடியோடுதான், கல்யாணமும் தாடியோடுதான். மனைவிகூட அந்த முகத்தைப் பார்த்ததில்லை.

ஆக, கணக்கு சுலபமானது. சவரம் செய்யாவிட்டால் பதவி போகும், அதோடு இத்தனை காலம் பேசிய பேச்சும் போகும். செய்தால் ஆமை வெளியே வரும்.

மற்ற யாராக இருந்தாலும் காய்ச்சல் வரவழைத்திருப்பார்கள். துணைத்தலைவருக்கு ஆயிரம் குறைகள் உண்டு, ஆனால் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்குவது எப்படி என்பது மட்டும் அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

செய்தி அவருக்கு முன்பே வீட்டுக்குப் போய்விட்டது. மனைவியின் தம்பி வட்டத்துக்கு மைக் பொருத்திக் கொடுக்கிறவன்; அச்சகத்தில் வேலை, ஊரில் நடப்பதை அச்சுக்குப் போகும் முன்பே வீட்டுக்கு வந்து சொல்லிவிடுவான். துணைத்தலைவர் செருப்பைக் கழற்றும்போது அக்காவும் தம்பியும் அவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"தாடிய எடுக்கப் போறீங்களாமே," என்றாள் மனைவி.

"ஆமா."

"எல்லாத்தையுமா?"

"பாதிக்குப் பாதி எடுக்கறதுக்கு அது என்ன புல்வெளியா?"

மனைவி காப்பி போட எழுந்து போனாள். மச்சினன்தான், கண்ணாடிக்காரர் கேட்டது மூக்கைப் பற்றியாவது இருந்திருக்கக்கூடாதா என்று வருத்தப்பட்டான். மூக்கு விஷயத்தில் மாமாவுக்கு ஒரு குறையும் இல்லையே என்றான்.

மறுநாள் காலையிலிருந்தே மகாராணிக்குப் பயிற்சி தொடங்கியது. குளியலறையில் கவிழ்த்துப் போட்ட வாளிதான் இருக்கை. துவைக்கும் கல்மேல் ஈரத்துணி, அதன்மேல் தீட்டுக்கல். முதலில் சொரசொரப்பான கல், அப்புறம் நைசான கல், அப்புறம் ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்ட தோல்வார். அலகின் முதுகும் கூரும் ஒரே நேரத்தில் கல்லில் படிய வேண்டும், அழுத்தக்கூடாது, தள்ளும் வேகமும் இழுக்கும் வேகமும் ஒன்றாக இருக்க வேண்டும். இதையெல்லாம் அவர் வருஷக்கணக்கில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். செய்து பார்த்தபோது தோள்பட்டை வலித்தது. இந்த வலியைப் பற்றி உரையில் ஒரு வரிகூட இல்லையே என்று அவருக்கே தோன்றியது.

கூர் வந்ததா என்று பார்க்க ஒரு முறை உண்டு. ஒரு தலைமுடியை ஒரு நுனியில் பிடித்துத் தொங்கவிட்டு அதன்மேல் கத்தியைத் தொட வேண்டும். முடி சத்தமில்லாமல் அறுந்து விழுந்தால் கத்தி முகத்துக்குத் தயார். தாடி முடி சுருட்டையாக இருந்ததால் தொங்க மறுத்தது. மனைவியின் சீப்பிலிருந்து முடியை எடுத்து, நேராக்கி, ஒரு காகிதத்தில் அடுக்கி வைத்துக்கொண்டார்.

"என் முடிய இவ்வளவு பத்திரமா எடுத்து வெக்கிறீங்க. கல்யாணமான புதுசுலகூட இப்படி இல்லையே," என்றாள் மனைவி, சீப்பைத் தேடி வந்தபோது.

முடி அறுபடவில்லை. வளைந்தது. கத்தியின்மேல் சாய்ந்து படுத்து ஓய்வெடுத்தது. இன்னும் தீட்டினார். ஒருநாள் காலை முடி அறுந்த மாதிரி இருந்தது. தோல்வாரில் நாலு இழுப்பு இழுத்துவிட்டு வந்து பார்த்தால் மறுபடி வளைந்தது. முன்கையில் வைத்துப் பார்த்தார். முடி போகவில்லை, தோல் சிவந்தது. விடவில்லை. வேலைக்குப் போகும் முன் ஒருவேளை, வந்த பின் ஒருவேளை. கல் தேய்ந்து நடுவில் குழி விழுந்தது. மகாராணி மட்டும் கொஞ்சமும் இறங்கி வரவில்லை.

கடைசியில் கண்ணாடிக்காரரிடமே ஒரு பூதக்கண்ணாடி வாங்கி வந்து கத்தியின் கூரைப் பார்த்தார். ஈரத்தில் நனைந்த காகிதத்தின் ஓரம் மாதிரி அலகின் விளிம்பு சுருண்டிருந்தது. எஃகு அப்படிச் சுருளாது. பதம் இருக்கும் எஃகு சுருளாது.

அவருக்கு அப்போது ஒரு நிறம் ஞாபகம் வந்தது. பாலிஷ் சக்கரத்தில் மகாராணியை முதன்முதலில் தேய்த்த நாளில் அலகின் ஓரம் வைக்கோல் நிறமாகி, அப்புறம் மயில்கழுத்து நீலமாகியது. அழுக்கு என்று நினைத்து அந்த நீலம் போகும்வரை இன்னும் தேய்த்தார். சூடேறினால் பதம் இறங்கும், நீலம் கண்டால் கத்தி செத்தது என்று அர்த்தம். இது உலகத்துக்கே தெரிந்த விஷயம். தெரியாதவர்களுக்கு அவரே பல கூட்டங்களில், விரலை உயர்த்தி, எச்சரித்திருக்கிறார். அந்த எச்சரிக்கையைச் சொல்லும்போதெல்லாம் மேசைமேல் உதாரணமாக மினுமினுத்தது மகாராணிதான்.

துணைத்தலைவர் வாளிமேல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். வெளியே மச்சினன் குளிக்க வேண்டும் என்று கதவைத் தட்டினான். அவன் வீட்டில் தண்ணீர் வரவில்லையாம். தண்ணீர் வாரியத்து ஆள் உள்ளே வாளியை விட்டு எழவில்லை.

விஷயம் தெரிந்ததும் மச்சினன் ஒரு வழி கண்டுபிடித்தான். இப்போது கடைகளில் பிளேடு மாட்டுகிற மடக்குக் கத்தி கிடைக்கிறது. பார்க்க அச்சு அசல் பழைய கத்திதான். உள்ளே புது பிளேடு ஒளிந்திருக்கும். மேடையில் தூரத்திலிருந்து பார்த்தால் அந்தக் கண்ணாடிக்காரருக்கே வித்தியாசம் தெரியாது என்றான். துணைத்தலைவர் அவனை ஒரு பார்வை பார்த்தார். அவன் மைக் வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தான்.

எப்படியோ பல் மருத்துவர் காதுக்கும் சேதி போயிருந்தது. தொலைபேசியில் அழைத்து உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்றார். கழுத்தில் ஓடும் ரத்தக்குழாய்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உடம்புக்கு முடியலன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சார், போதும். யாரும் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டாங்க."

"எனக்கு உடம்பு நல்லா இருக்கு டாக்டர். கத்திக்குத்தான் முடியல. வேற கத்தி பாத்துக்கறேன்," என்று சொல்லித் தொலைபேசியை வைத்தார் துணைத்தலைவர்.

வேறு கத்திக்குச் சந்தைக்குப் போக வேண்டியிருக்கவில்லை. அந்தத் தகரப் பெட்டியில் மகாராணியோடு வந்த இன்னொரு கத்தி சமையலறையில் இருந்தது. கறுப்புக் கைப்பிடி, அதில் ஒரு விரிசல், அலகு முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி துருப்புள்ளிகள். காட்டுவதற்கு லாயக்கில்லை என்று அவர் ஒதுக்கியதை, பாட்டில்களில் ஒட்டியிருக்கும் லேபிளைச் சுரண்ட மனைவி எடுத்துக்கொண்டிருந்தாள். அதில் பாலிஷ் சக்கரம் பட்டதே இல்லை. நகத்தால் சுண்டிப் பார்த்தார். மகாராணி தகரம் மாதிரி ஒலிக்கும். இது மணி மாதிரி ஒலித்தது.

மனைவி லேசில் கொடுக்கவில்லை. ஜாம் பாட்டில் கழுவி வைத்திருக்கிறாள், லேபிளை எதால் எடுப்பது என்று கேட்டாள். பேரம் முடிந்து, மகாராணி சமையலறைக்குப் போனாள். லேபிள் சுரண்டி குளியலறைக்கு வந்தது. கொஞ்ச நேரத்தில் சமையலறையிலிருந்து குரல் வந்தது, இது லேபிளையே எடுக்க மாட்டேன் என்கிறது, இதற்குப் போய் வெல்வெட் துணி வேறு என்று.

இந்த முறை துணைத்தலைவர் எதையும் மினுக்கவில்லை. எண்ணெய் விட்டு ஊறவைத்து, நைசான உப்புத்தாளால் கையாலேயே துருவை எடுத்தார். புள்ளிகளை அப்படியே விட்டுவிட்டார். புள்ளிகள் கூருக்கு இறங்காத வரை அவற்றால் தொல்லை இல்லை. கைப்பிடி விரிசலுக்குப் பசை போட்டு நூல் சுற்றினார். கல்லின் குழியைத் தேய்த்துச் சமமாக்கிவிட்டுத் தீட்ட உட்கார்ந்தார். கத்தி கல்லில் போகும் சத்தமே வேறாக இருந்தது. இந்த உடும்புப்பிடியை அவர் அலுவலகத்தில் காட்டியிருந்தால் ஊரில் பாதிக் குழாய்கள் ஒழுகாமல் இருந்திருக்கும்.

ஒருநாள் காலை, மனைவியின் முடி கத்தியைத் தொட்டது தெரியாமல் இரண்டாகித் தரையில் விழுந்தது. அவர் இன்னொன்றை எடுத்தார். அதுவும் விழுந்தது. காகிதத்தில் இருந்த அத்தனையும் தீர்ந்தபின் முன்கையில் ஒரு இழுப்பு இழுத்தார். அந்த இடம் குழந்தையின் கன்னம் மாதிரி ஆகிவிட்டது. அலுவலகத்தில் சட்டைக் கையை மடித்துவிட முடியாதபடி அடுத்த சில நாட்களில் இரண்டு கைகளும் கால்களும் அப்படியே ஆயின.

ஆனால் கை வேறு, முகம் வேறு. முகத்தில் பழகலாம் என்றால் தாடி கூட்டத்துக்கு வேண்டும். மச்சினனின் கன்னத்தைக் கேட்டுப் பார்த்தார். "மாமா, எனக்கு இருக்கறது ஒரே ஒரு கழுத்து," என்று சொல்லிவிட்டு அவன் மறுநாள் ஒரு பாக்கெட் பலூன் வாங்கி வந்தான். பலூனை ஊதி, சோப்பு நுரை பூசி, உடையாமல் நுரையை மட்டும் வழிக்க வேண்டும். சவரத் தொழில் பழகுகிறவர்கள் அப்படித்தான் பழகுவார்களாம். எல்லாப் பலூனிலும் அவன் பேனாவால் கண்ணும் மூக்கும் வரைந்திருந்தான். ஒன்றிரண்டின் முகம் பல் மருத்துவரைப் போல இருந்தது தற்செயல் என்றான்.

முதல் வாரம் முழுக்கக் குளியலறையில் வெடிச்சத்தம். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, குடும்பத்தில் எதுவும் பிரச்சினையா என்று மனைவியிடம் நாசூக்காகக் கேட்டார். அவர் சவரம் செய்கிறார் என்று மனைவி சொன்னாள். கீழ்வீட்டுக்காரர் தாடியை அறிந்தவர். மெல்லப் படியிறங்கிப் போனார். இரண்டாம் வாரம் சத்தம் குறைந்தது. ஆண்டுக் கூட்டத்துக்கு முந்தைய நாள் பாக்கெட்டில் மிஞ்சியிருந்த பலூன்கள் எல்லாம் மழமழவென்ற முகத்தோடு, உயிரோடு, குளியலறைத் தரையில் உருண்டுகொண்டிருந்தன.

அன்று சாயங்காலம் மனைவி அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள். வேண்டாம் என்று தோன்றினால் இப்போதும் விட்டுவிடலாம், யாரும் தலையை வாங்கிவிட மாட்டார்கள் என்றாள். அவர் தோல்வாரில் கத்தியை இழுத்துக்கொண்டே இருந்தார். வேண்டாம் என்று தோன்றாத நாளே கிடையாது, ஆனாலும் போகப் போகிறேன் என்றார்.

கூட்டத்துக்கு வழக்கத்தைவிட அதிகம் பேர் வந்திருந்தார்கள். மனைவிமார்களும் வந்திருந்தார்கள். ஜன்னல் கண்ணாடி வியர்த்தது. மேசைமேல் ஒரு நிலைக்கண்ணாடி, வெந்நீர்ப் பாத்திரம், பிரஷ், சோப்புக் கிண்ணம், படிகாரக் கட்டி, கத்தரிக்கோல். எல்லோரும் மகாராணியைத் தேடினார்கள். அந்த இடத்தில் நூல் சுற்றிய கறுப்புக் கத்தி ஒன்று கிடந்தது.

துணைத்தலைவர் மைக் முன்னால் நின்றார். தலைமை உரை மாதிரி ஏதோ வரப்போகிறது என்று எல்லோரும் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். அவருக்கு மேடைத் தமிழ் வரவில்லை.

"மகாராணி செத்துப்போச்சு. சக்கரத்துல வெச்சுச் சூடேத்தி நான்தான் கொன்னேன். அந்தப் பளபளப்பெல்லாம் சும்மா. இது எங்க வீட்டுல லேபிள் சுரண்டற கத்தி. இதாலதான் பண்ணப் போறேன். விதிப்படி இது செல்லாதுன்னா இப்பவே சொல்லிடுங்க."

விதி என்று ஒன்று வட்டத்தில் இருக்கவில்லை. பழைய தலைவர், தானே புதுப்பித்த கத்தி என்றால் எந்தக் கத்தியும் சரிதான் என்றார். பல் மருத்துவர், தாராளமாக, என்றார்.

முதலில் கத்தரிக்கோல். விரித்த செய்தித்தாளில் தாடி கொத்துக் கொத்தாக விழுந்தது. தாள் நிறைந்தபோது முன்வரிசையில் ஒருவர் பெருமூச்சு விட்டார். பிறகு வெந்நீர்த் துண்டு, பிறகு நுரை. நுரை தாடியைவிடத் தடிமனாக இருந்ததால் இன்னும் எதுவும் தெரியவில்லை.

கத்தியைக் காதோரத்தில் வைத்தார். மேல்தோலை இடது கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, அலகின் முதுகு கன்னத்தைத் தொடாமல் கொஞ்சம் தூக்கி, கீழே இறக்கினார். காய்ந்த இலைமேல் நடப்பது போல ஒரு சத்தம். மச்சினன் வேலையில் கெட்டிக்காரன். மைக்கைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்திருந்தான். அந்தச் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. கன்னத்தில் ஒரு பாதை போட்ட மாதிரி தோல் தெரிந்தது. பல வருஷமாக வெயில் படாத தோல். நெற்றிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லாத வெள்ளை.

வலது கன்னம் முடிந்தது. இடது கன்னத்துக்குக் கை மாற்றினார். அங்கே ஒரு கீறல். ரத்தம் நுரையில் கோடு போட்டது. யாரோ எழுந்தார்கள். அவர் கண்ணாடியை விட்டுப் பார்வையை எடுக்காமல் உட்காரச் சொல்லிக் கை காட்டினார். மேலுதடு. கழுத்து. மூச்சைப் பிடித்துக்கொண்டு தலையை அண்ணாந்து, தொண்டைக்குமிழைச் சுற்றிக் கத்தியைக் கொண்டுபோனபோது கீழே இஸ்திரிப்பெட்டிகூட அமைதியாக இருந்தது.

தாடை மட்டும் மிச்சம். அதாவது தாடை இருக்க வேண்டிய இடம்.

அங்கே கத்தி நின்றது. கண்ணாடியில் நுரைக்கு மேலே இரண்டு கண்கள் அவரைப் பார்த்தன. முன்வரிசையில் மனைவி, பின்னால் சுவரோரம் மச்சினன், நடுவில் பல் மருத்துவர் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். அந்த இடத்தில் நுரையை அப்படியே துண்டால் மூடிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டால்கூட யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. துணைத்தலைவர் கீழுதட்டைப் பல்லுக்குமேல் இழுத்துக்கொண்டு, கடைசி நுரையையும் வழித்தார். வெந்நீரில் முகத்தைக் கழுவினார். படிகாரத்தைத் தேய்த்தார். எரிந்தது. திரும்பி நின்றார்.



கண்ணாடிக்காரர்தான் முதலில் எழுந்தார். துணைத்தலைவரின் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. கத்தியைக் கையில் வாங்கி, புள்ளிகளை விரலால் தடவி, இது இவ்வளவு அழகாக வழிக்கும் என்று நினைக்கவே இல்லை ஐயா என்றார். நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவர் அவர் ஒருவர்தான்.

பல் மருத்துவருக்கு அப்படி ஒதுங்கிப் போக முடியவில்லை. அவரிடம் கெட்ட எண்ணம் இருந்ததாகவும் சொல்ல முடியாது. தொழில் பழக்கம். பக்கத்தில் வந்து, துணைத்தலைவரின் முகவாயை இரண்டு விரலால் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். மைக் இன்னும் கண்ணாடிக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

"கீழ்த்தாடை வளர்ச்சி கம்மி. சின்ன வயசுல எங்கிட்ட வந்திருந்தா கம்பி போட்டுச் சரி பண்ணியிருக்கலாம்," என்றார்.

அது அறை முழுக்கக் கேட்டது. கீழே சலவைக்கடையிலும் கேட்டிருக்கலாம்.

துணைத்தலைவர் முகத்தைத் தாழ்த்தவில்லை. சின்ன வயதில் நீங்களும் சின்னப் பையன்தானே டாக்டர் என்று மட்டும் கேட்டார். யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பரவியது. அதற்குள் பழைய தலைவர், அடுத்த தலைவருக்குப் பெயரை முன்மொழியச் சொன்னார், கண்ணாடிக்காரர் முன்மொழிந்தார், கைகள் எழுந்தன. பல் மருத்துவரின் கையும் எழுந்தது. தாடையைப் பிடித்த அதே கை.

வீட்டுக்கு நடந்தே போனார்கள். மச்சினன் மைக்கைக் கழற்றிக்கொண்டு பின்னால் வருவதாகச் சொல்லியிருந்தான். துணைத்தலைவருக்கு, இப்போது தலைவருக்கு, காற்று நேராகக் கழுத்தில் படுவது புதிதாக இருந்தது. மனைவி கடைவாசல்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். பாதி வழியில் அவருக்குத் தாங்கவில்லை.

"பாத்துட்டியா?"

"எதை?"

"தாடைய."

"அது எனக்கு அப்பவே தெரியுமே. தொடாமலா இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினேன்?" என்றாள் அவள். கொஞ்சம் தூரம் போனபின், எதற்கும் ஒரு தொப்பி வாங்கலாம், வெள்ளையும் கறுப்புமாக முகம் இரண்டு துண்டாக இருக்கிறது என்றாள்.

அவர் சிரித்தார். சிரிக்கும்போது முகவாயைக் கையால் மூடிக்கொண்டார். பிறகு நினைவு வந்து கையை எடுத்துவிட்டார். வட்டத்தின் புதிய தலைவர் என்ற முறையில் அடுத்த மாதம் என்ன பேசலாம் என்று யோசித்துக்கொண்டே நடந்தார். பாலிஷ் சக்கரத்தைப் பற்றி உண்மையான ஒரு உரை நிகழ்த்த வேண்டும் என்று தீர்மானித்தார். அதை நிகழ்த்தவும் செய்தார். நன்றாக இருந்ததாக எல்லோரும் சொன்னார்கள்.

தாடி மறுபடி வளர்ந்து மூடும்வரை அவர் அலுவலகத்துக்கு முகக்கவசம் போட்டுக்கொண்டு போனார். கேட்டவர்களிடம் சளி என்றார்.